ஊசியிலை மர மரபியலில் விதைத் திசுவின் பயன்பாடு

பைன், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்களின் விதையில் கருவைச் சுற்றி ஓர் உணவுத் திசு உள்ளது. பூக்கும் தாவரங்களின் கருவூண் திசுவைப் போல இது கருவுறுதலால் உண்டாவதில்லை. அதற்கு முன்பே உருவாகிவிடும் பெண் கேமீட்டோபைட்டே இதுவாகும். இது பெரணிகளின் பாலணுத் தலைமுறைக்கு ஒப்பானது என்பதை செருமானியத் தாவரவியலாளர் வில்லெல்ம் ஹோப்மைஸ்டர் 1851இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இத்திசு ஒருமடியமானது. முட்டையும் இதே திசுவில் தோன்றுவதால், கருவுக்குத் தாய் மரம் அளித்த மரபணுக்களை இதில் நேரடியாகக் காணலாம். கருவில் எஞ்சியவை மகரந்தத்தின் பங்கு. எனவே, செயற்கைக் கலப்பு செய்து பல ஆண்டுகள் காத்திராமல், காட்டில் நிற்கும் ஒரே மரத்தின் விதைகளைக் கொண்டே மரபுக் கடத்தலை ஆராய முடிந்தது.

1970களில் இத்திசுவின் நொதி வேறுபாடுகள் பரவலாக ஆராயப்பட்டன. முளைவேர் வெளிவந்ததும் விதை பிளக்கப்பட்டு, திசு அரைக்கப்பட்டது. இதற்கான ஆய்வகக் கையேடு ஒன்றை அமெரிக்க வனத்துறை 1982இல் வெளியிட்டது. இம்முறையில் நாற்று பிழைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நோய் எதிர்ப்பு, வளர்ச்சி போன்ற பண்புகளை மரபணுக்களுடன் இணைத்துப் பார்க்க, அதே விதையின் நாற்று உயிருடன் வளர வேண்டும். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. திசுவை முன்னதாக எடுத்தால் நாற்று உணவின்றி நலியும். பிந்தினால் உணவு உறிஞ்சப்பட்டு, செல்கள் மடிந்து, டிஎன்ஏ சிதைந்துவிடும். சிறிதளவு டிஎன்ஏவைப் பெருக்கும் பாலிமரேஸ் தொடர்வினை இச்சிக்கலைத் தளர்த்தியது. நாற்றின் உச்சியில் தொப்பி போல நிற்கும் விதையுறையினுள் எஞ்சிய திசுவே ஆய்வுக்குப் போதுமானதாயிற்று.

1992இல் வெள்ளை ஸ்புரூஸ் மரம் ஒன்றின் மரபணுப் பிணைப்பு வரைபடம் இத்திசுவின் டிஎன்ஏவைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 1996இல் லோப்லாலி பைனின் தண்டில் கழலை உண்டாக்கும் துரு நோய்க்கு எதிரான முதன்மை மரபணு ஒன்றின் இடம் கண்டறியப்பட்டது. நாற்பது ஆண்டுகள் வழக்கமான சோதனைகளில் பிடிபடாதது அது. 2014இல் வெளியான லோப்லாலி பைன் மரபணுத்தொகையின் பெரும்பகுதியும் ஒரே விதையின் ஒருமடியத் திசுவிலிருந்து படிக்கப்பட்டதாகும். அதன் அளவு ஏறத்தாழ 2,200 கோடி டிஎன்ஏ எழுத்துகள். மனித மரபணுத்தொகையைப் போல ஏழு மடங்கு.