தீப்பந்த ஏரியும் ஓர் உடன்படிக்கையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலே லாக் டு ஃபிளாம்போ என்றோர் ஊர் உண்டு. பிரெஞ்சு மொழியில் அதற்குத் ‘தீப்பந்த ஏரி’ என்பது பொருள். ஒஜிப்வே என்னும் பழங்குடியினர் இரவில் பந்தம் ஏந்தி ஓடம் செலுத்தி, ஈட்டியால் மீன் குத்துவதைக் கண்ட பிரெஞ்சு வணிகர் இட்ட பெயர் அது. ஊர்ப்பெயரும் வரலாற்றுச் சான்று என்று மாணாக்கர்க்குச் சொல்லுகிறோமே, அதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அவர்கள் குத்தும் மீன்களுள் தலையாயது, ஆங்கிலத்தில் வால்-ஐ என்றும் ஒஜிப்வே மொழியில் ஒகா என்றும் வழங்குவது. நம் புலவர் மகளிர் கண்ணுக்குக் கயலை உவமை கூறினர். இம்மீனோ தன் கண்ணாலேயே ஆங்கிலப் பெயர் பெற்றது. விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் படலம் இருத்தலால் மங்கிய ஒளியிலும் இரை தேடும். ஆனால் பந்த ஒளி பட்டதும் அக்கண்ணே தணல்போல் மின்னி, மீனைக் காட்டிக் கொடுத்துவிடும். இளவேனிலில் ஏரிப்பனி உருகியதும் முட்டையிடக் கரையோரக் கற்களை நாடி வரும். ஈட்டிக்கு அதுவே பருவம்.

1837இல் ஒஜிப்வே தலைவர்கள் பெருநிலப் பரப்பை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். ஆயினும் அங்கே வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டரிசி சேர்க்கவும் தமக்குள்ள உரிமையை விடவில்லை. ‘குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில்’ என்றொரு தொடர் மட்டும் உடன்படிக்கையிலே நுழைந்திருந்தது. ‘வரையில்’ என்னும் ஒரு சொல் ஒரு வாக்கியத்தையே கவிழ்க்க வல்லது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். 1850இல் தலைவர் டெய்லர் அவ்வுரிமையை நீக்கி, மக்களும் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். அவ்வாண்டுக்குரிய தொகையைப் பெறத் தொலைவிலுள்ள சாண்டி ஏரிக்கு அழைக்கப்பட்டோருள், அங்கும் திரும்பும் வழியிலுமாக ஏறத்தாழ 400 பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். 1854இல் குடியிருப்பு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர், அவற்றின் எல்லை கடந்து மீன் பிடித்தவன் மாநிலச் சட்டத்தின்முன் திருடனானான்.

1974இல் உடன்பிறந்தார் இருவர் எல்லைக்கு அப்பால் ஈட்டியால் மீன் குத்திக் கைதாயினர். அவ்வழக்கு வளர்ந்து, 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய உரிமை அழியவில்லை என்றது. ஏரிகளிலே பாஸ், பைக், ஒகா மீன்களுக்குத் தூண்டில் வீசிப் பொழுதுபோக்கிய வெள்ளையர் கொதித்தெழுந்தனர். படகுத்துறைகளில் திரண்டு வசைமொழியும் கல்லும் வீசினர். ஈட்டியால் மீன்வளம் குன்றவில்லை என 1991இல் அரசு ஆய்வறிக்கை உரைத்தது. தூண்டிற்காரர் பிடித்ததே பன்மடங்கு!

மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியைச் சார்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. டெய்லரின் ஆணைக்குச் சட்ட வலிமை இல்லையென 1999 மார்ச்சு 24இல் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தனர். 1837இல் காத்துக்கொண்ட உரிமை நிலைத்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் நிலைத்திராது.

இப்பொழுது இளவேனில் இரவுகளில் ஈட்டிக்காரர் கரை சேர்ந்ததும், பிடித்த மீனை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவு செய்கின்றனர். பந்தத்தின் இடத்தில் மின்விளக்கு வந்துவிட்டது.