ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது?

சென்ற வருடம் தை மாதத்தில், அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில் வசிக்கும் என் மைத்துனர் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். போர்ட் பிளேயரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாத்தம் துறையில் படகு ஏறினால், எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட். மைத்துனருடையது பழைய மர வீடு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மரக்கால்கள்மேல் நிற்கிறது. அடியிலும் காற்று ஓடும். தகரக் கூரை, முன்னால் அகலமான தாழ்வாரம். எங்களுடன் வந்திருந்த என் அக்கா (வயது 78) அந்தத் தாழ்வாரத்தை விட்டு நகரவே இல்லை.

அப்போது சென்னையில் ஒரு ஃப்ளாட் பார்த்து, முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தோம். அதில் மூன்றாவது அறை அக்காவுக்கு. ஜன்னலைத் திறந்தால் நாலடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். "அத்தைக்கு ஏஸி போட்டுடலாம்ப்பா" என்றான் என் பிள்ளை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தமானின் சரித்திரமே ஒருவகையில் ஆரோக்கியமான இருப்பிடம் தேடிய சரித்திரம்தான். 1789-ல் ஆங்கிலேயர் இங்கே முதல் குடியேற்றத்தை ஏற்படுத்தினார்கள். பின்னர் அதை வடக்கே மாற்றியும், நோயால் பலர் மாண்டதால் 1796-ல் கைவிட நேர்ந்தது. 1858-ல் கைதிகளுடன் மறுபடி வந்தபோதும் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆகவே உயரமான இடத்தைத் தேடினார்கள்.

பாம்பூஃப்ளாட்டுக்கு அருகே, ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹாரியட் மலை (2021 முதல் மணிப்பூர் மலை) அவர்கள் கண்ணில் பட்டது. நோயாளிகள் தங்கித் தேற இம்மலை ஏற்றதா என்று நேரில் பார்க்க, 1872 பிப்ரவரி 8 மாலை வைஸ்ராய் மேயோ பிரபு மலை ஏறினார். இருட்டிய பிறகு இறங்கி ஹோப்டவுன் துறைக்கு வந்தபோது, ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். மேயோவின் மரணத்தைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. அவர் எதற்காக மலை ஏறினார் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று 1897-ல் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். அப்படியானால், உயரமும் காற்றோட்டமும் நல்லது என்ற முடிவு சரி, காரணம்தான் தவறு.

அதே சமயத்தில் எதிர்க்கரையில் செல்லுலர் சிறை எழும்பிக்கொண்டிருந்தது. கைதிகளுக்கு அந்தமான் தண்டனை உறைக்கவில்லை என்று 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் இருவரும் அறிக்கை தந்ததன் விளைவு அது. 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. நடுவில் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் ஏழு கட்டடங்கள், ஏறக்குறைய 700 அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 4.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம்.

நான் அந்த அறை ஒன்றினுள் நின்று பார்த்தேன். முன்னால் கம்பிக் கதவு, பின்சுவரில் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சாளரம். காற்று வரத்தான் செய்கிறது! ஆனால் சாளரம் எட்டாது. கம்பி வழியே பார்த்தால் அடுத்த கட்டடத்தின் முதுகுதான் தெரியும். மனித முகம் தெரியக்கூடாது என்றே அப்படி அமைத்தார்கள். உடம்புக்குக் காற்றைக் கொடுத்து, மனசுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்ட கட்டடம் அது. தனிமைச் சிறை என்ற இந்த முறை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தது.

அதே பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, ரோஜர் உல்ரிச் என்ற அறிஞர் 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். வேறு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இது நம் பாட்டனார்களுக்குத் தெரியாததா? தஞ்சை ஜில்லாவில் நான் பிறந்த வீட்டில், முற்றத்தின் வழியே வெளிச்சமும் மழையும் வந்தன. வாசலிலிருந்து கொல்லைவரை காற்று நேராக ஓடிற்று. படுத்த படுக்கையான தாத்தாவுக்குக்கூட ரேழியில்தான் கட்டில். தெருவில் போகிற எல்லோரும் "மாமா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டிலும் குறைகள் உண்டு: அடுப்புப் புகை, இருட்டு அறை. இருந்தாலும் ஒருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கவில்லை.

சிறையைப் பார்த்துவிட்டு பாம்பூஃப்ளாட் திரும்பிய அன்று மாலை, அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். "அந்த ஃப்ளாட் ரூம் பிடிச்சிருக்கா அக்கா?" என்று முதல் தடவையாகக் கேட்டேன். "எனக்கென்னடா, எங்கேயாவது கிடந்துட்டுப் போறேன். ஆனா யார் வரா, யார் போறான்னுகூட அங்கே தெரியாதே" என்றாள்.

சென்னை திரும்பியதும் அந்த ஃப்ளாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இப்போது இருப்பது இரண்டு அறை வீடு, சற்றுப் பழையது. தெருவைப் பார்த்த அறை அக்காவுக்கு. ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம்.

வீடு வாங்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வாஸ்து பாருங்கள், விலை பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கிய அறையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்தும் பாருங்கள்.