மட்டமான மீன்களும் மரியாதைக்குரிய தூண்டில்காரர்களும்

இங்கிலாந்துக்காரர்கள் மீனில்கூட மேல், கீழ் பார்ப்பவர்கள். சும்மா சொல்லவில்லை மக்களே, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. அங்கே ஆத்துலயும் குளத்துலயும் கிடைக்கிற மீன்களை ரெண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மனும் ட்ரவுட்டும் 'கேம்' மீன். அதாவது கனவான்கள் பிடிக்கவும் கனவான்கள் சாப்பிடவும் தகுதியான மீன். ரோச், பிரீம், டென்ச், பெர்ச், பைக், பார்பெல், நம்ம கெண்டை உட்பட மீதி எல்லாத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கோர்ஸ்' மீன் என்று பேர் வைத்துவிட்டார்கள். கோர்ஸ் என்றால் சொரசொரப்பு, நயமில்லாதது, மட்டம். கோணித்துணிக்கும் கெட்ட வார்த்தைக்கும் அவர்கள் சொல்கிற அதே சொல்தான் இந்த மீன்களுக்கும்.

இதுல கிரேலிங் என்று ஒரு மீன் பாடு ரொம்பப் பரிதாபம். பிறப்பால் அது சால்மன் குடும்பம்தான். ஆனால் சால்மனும் ட்ரவுட்டும் குளிர்காலத்தை ஒட்டி முட்டையிட, இது மட்டும் கோர்ஸ் மீன்களைப் போல வசந்தத்தில் முட்டையிடுகிறது. அதனால் சட்டம் அதை கோர்ஸ் பக்கம் தள்ளிவிட்டது. ரெண்டுங்கெட்டான் :-)

இப்படி மட்டம் என்று ஒதுக்கப்பட்ட மீனைப் பிடித்த ஆட்களும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டவர்கள்தான். சாணை பிடிப்பவர்கள், சுரங்கத் தொழிலாளிகள், மில் தொழிலாளிகள். இவர்கள் கதையைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன். கடைசியில் அந்த நாட்டு ஆறுகளுக்காக கோர்ட் வாசப்படி ஏறியதிலும் இவர்கள் பேர் இருக்கிறது.

முதல்ல ஒரு விஷயம். இந்தப் பிரிவினை ஆதியிலேயே இருந்ததில்லை. ஐசக் வால்டன் 1653ல் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்று ஒரு புத்தகம் போட்டார். அரசன் சார்லஸின் தலையை வெட்டி நாலு வருஷம் ஆகியிருந்த நேரம், நாடே கொந்தளிப்பில் இருந்தது. மனுஷன் பாட்டுக்கு ஆத்தங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவது பற்றி எழுதினார். அதுல ட்ரவுட்டுக்கும் அத்தியாயம் உண்டு, ட்ரவுட்காரர்கள் பின்னால் சீந்தாத சப் மீனுக்கும் உண்டு. சப்பை எப்படிச் சமைப்பது என்று செய்முறை வேறு. அவருக்கு எல்லாமே மீன்தான்.

பிரிவு இறுகியது 19ஆம் நூற்றாண்டில். இதுக்கு ரெண்டு காரணம் சொல்லலாம். ஒண்ணு சமையல்கட்டு. ரயிலும் பனிக்கட்டியும் வந்தபிறகு கடல்மீன் உள்நாட்டு நகரங்களுக்கு மலிவாக வந்து சேர்ந்தது. முள்ளும் சேத்து வாசனையுமாக இருக்கிற குளத்து மீனை யார் சாப்பிடுவார்கள்? ரெண்டாவது காரணம் நிலம். இங்கிலாந்து சட்டப்படி ஓடுகிற தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் கடலின் ஏற்ற இறக்கம் எட்டாத ஆற்றுப்பகுதியில் மீன்பிடிக்கிற உரிமை கரையையும் ஆற்றுப்படுகையையும் வைத்திருப்பவருக்குச் சொந்தம். அந்த உரிமையைத் தனியாக விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். நல்ல ட்ரவுட் ஓடுகிற தெளிந்த ஆறுகளைப் பணக்காரர்கள் வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஹாம்ஷயரில் டெஸ்ட் ஆற்றங்கரையில் 1822லேயே ஆரம்பித்த ஹௌட்டன் கிளப், விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்களோடு இன்றைக்கும் நடக்கிறது.

அப்போ தொழிலாளிக்கு மிஞ்சியது என்ன? கலங்கின ஆறு, படகு போகிற கால்வாய், செங்கலுக்கு மண் எடுத்த குழி, மில்லுக்குத் தண்ணி தேக்கி வைத்த குட்டை. விகன் ஊர்ப்பக்கம் நிலக்கரி தோண்டித் தோண்டி பூமி உள்வாங்கி, பள்ளத்தில் தண்ணி நின்று பெரிய ஏரிகளே உண்டாயின. இங்கிலாந்தில் எத்தனையோ உள்ளூர் குளங்களின் பிறப்பு இப்படித்தான். தொழிற்புரட்சி போட்ட குழியில் மழை பெய்தது, யாரோ ஒருத்தன் வாளியில் நாலு ரோச் மீனைக் கொண்டுவந்து விட்டான், அவ்வளவுதான். செயிண்ட் ஹெலன்ஸ் ஊரில் கண்ணாடித் தொழிற்சாலையின் சுடுதண்ணீர் கால்வாயில் கலந்து, அந்தக் குளிர் தேசத்தில் கப்பியும் திலாப்பியாவும் வாழ்ந்தன என்றால் பார்த்துக்கோங்க!

நான் ஒன்றரை வருஷம் ஷெஃபீல்டில் குப்பை கொட்டினவன். அங்கேதான் எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வந்தது. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர் போன ஊர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சாணை பிடித்தவர்கள் கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில் படிந்து, பலபேர் நாற்பதைத் தாண்டாமலே செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறும் ஆத்தங்கரை என்பது மூச்சுக்காற்று. (ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராமல் தூண்டிலோடு போகிறார்களே என்று பாதிரிமார்கள் திட்டினார்கள், அது தனிக்கதை.) சாராயக்கடைக்கு ஒரு தூண்டில் சங்கம் இருந்தது. ரயில் கம்பெனிகள் தூண்டில்காரர்களுக்கு என்றே சலுகை டிக்கெட் கொடுத்தன. கூட்டம் கூட்டமாக லிங்கன்ஷயர் பக்கம் விதம் ஆற்றுக்குப் போவார்கள். சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து, கரையோரம் வரிசையாக உட்கார்ந்து, கடைசியில் மீனை எடைபோட்டுப் பரிசு. பந்தயமும் உண்டு.

இதுல முக்கியமான திருப்பம் 1878. அதுக்கு முன்னால் சால்மனுக்கு 1861லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பணக்காரன் மீன் இல்லையா! கோர்ஸ் மீனை முட்டையிடுகிற காலத்தில்கூட வலைபோட்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மீனுக்கும் விடுமுறை வேண்டும் என்று ஷெஃபீல்டு தொழிலாளிகள் தங்கள் எம்.பி.யிடம் போய் நின்றார்கள். அவர் பேர் முண்டெல்லா. குழந்தைகளை பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கிய 1880 சட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். அவர் முயற்சியில் 1878ல் சட்டம் வந்தது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கக்கூடாது. மீன் பிடிக்கிறவனே, மூணு மாசம் எங்களைப் பிடிக்க விடாதீங்க என்று கேட்டு வாங்கிய சட்டம் இது! ஜூன் 16 பிறக்கிற நள்ளிரவு அவர்களுக்கு தீபாவளி மாதிரி. கரையில் காத்திருந்து பன்னிரண்டு அடித்ததும் தூண்டிலை வீசுவார்கள்.

இன்னொண்ணு, பிடித்த மீனைத் திருப்பி விடுகிற பழக்கம். கால்வாய்க்கரையில் பச்சைக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன், "இவ்ளோ நேரம் உட்கார்ந்து பிடிச்சதை ஏன் விடறீங்க?" என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விடலைன்னா அடுத்த வாரம் நான் எதைப் பிடிக்கிறது?" என்றார். நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது கொஞ்சம் ஜீரணிக்க முடியாத சமாச்சாரம். குழம்புக்கு ஆகாத மீனுக்கு எதுக்கு வெயில்ல காயணும்? ஆனால் சாப்பிடாததால்தான் அவர்களுக்கும் மீனுக்கும் வேறு மாதிரி ஒரு உறவு உண்டானது.

கெண்டையையே எடுத்துக்கோங்க. அது இங்கிலாந்தின் சொந்த மீனே கிடையாது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்து குளங்களில் வளர்த்தது. (நம்ம ஏரிகளில் 'சாதாக் கெண்டை' என்று விடுகிறார்களே, அதே இனம்தான்.) தூண்டிலில் பெரிய கெண்டை சிக்கவே சிக்காது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1952 செப்டம்பர் 13ஆம் தேதி விடியாத இருட்டில், ஹியர்ஃபோர்ட்ஷயரில் ரெட்மயர் என்கிற மூணு ஏக்கர் குளத்தில், ரிச்சர்ட் வாக்கர் என்ற பொறியாளர் ரொட்டியை இரையாகப் போட்டு 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். கிட்டத்தட்ட 20 கிலோ! அதைக் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார். கிளாரிசா என்று பேர் பெற்று 1971 வரை அங்கே ஜனங்களுக்குக் காட்சி கொடுத்தது. 1980ல் அதே குட்டிக் குளத்தில் கிறிஸ் யேட்ஸ் 51½ பவுண்டு கெண்டையைப் பிடித்து அந்தச் சாதனையை முறியடித்தார். அப்புறம் பெரிய கெண்டைகளுக்குப் பேர் வைப்பது வழக்கமாகிவிட்டது. 2009ல் பென்சன் என்ற கெண்டை செத்தபோது பத்திரிகைகளில் இரங்கல் செய்தியே வந்தது. மட்டம் என்று பேர் வைத்த மீனுக்கு!

சரி, கோர்ட் கதைக்கு வருவோம். இதுக்காகத்தான் இவ்வளவு பீடிகை.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். நிறைய ஆறுகள் செத்துக்கொண்டிருந்தன. ஆலைகள், நகராட்சிகள், மின்நிலையங்கள் எல்லாம் தண்ணீரில் கொட்டின. அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. ஜான் ஈஸ்ட்வுட் என்ற வக்கீல் ஒரு விஷயத்தைப் பிடித்தார். முன்னால் சொன்னேனே, மீன்பிடிக்கிற உரிமை ஒரு சொத்து என்று. சங்கங்கள் உறுப்பினர்களிடம் சில்லறை சில்லறையாக வசூல் பண்ணி அந்த உரிமையைக் குத்தகைக்கோ விலைக்கோ வாங்கி வைத்திருக்கின்றன. அப்படியானால் ஆற்றைக் கெடுப்பவன் அவர்கள் சொத்தைக் கெடுக்கிறான். வீட்டு வாசலில் குப்பை கொட்டினால் கேஸ் போடுகிற மாதிரி இதுக்கும் போடலாம். எந்த அதிகாரியின் தயவும் தேவையில்லை. 1948ல் இதுக்காகவே தூண்டில்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்.

பெரிய கேஸ் டெர்பியில் வந்தது. 'பிரைட் ஆஃப் டெர்பி' என்று ஒரு தூண்டில் சங்கம். டெர்வென்ட் ஆற்றில் மீன் செத்துப்போனதுக்கு அவர்கள் யார் மேல் வழக்குப் போட்டார்கள் தெரியுமா? செயற்கைப் பட்டு தயாரித்த பிரிட்டிஷ் செலனீஸ் கம்பெனி, டெர்பி நகராட்சி, நாட்டின் மின்சார வாரியம். மூணு பேர் மேலேயும்! கூடவே வாதியாக நின்றவர் ஆற்றங்கரை நிலத்துக்குச் சொந்தக்காரரான ஹாரிங்டன் பிரபு. தூண்டில் சங்கமும் பிரபுவும் ஒரே பக்கம், வேடிக்கைதான்.

நகராட்சி என்ன வாதம் வைத்தது? சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தைச் சட்டப்படிதான் கட்டினோம், அப்புறம் ஊர் பெருத்துவிட்டது, நாங்க என்ன பண்றது என்றார்கள். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) 1952ல் உயர்நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. 1953ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. நஷ்டஈட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஆற்றைக் கெடுக்க முடியாது, கொட்டுவதை நிறுத்தணும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்கள், ஆனால் விலக்குக் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்னிக்கும் இந்தக் கேஸைப் படிக்கிறார்கள்.

அந்தக் கூட்டுறவுச் சங்கம்தான் 2009ல் 'ஃபிஷ் லீகல்' என்று பேர் மாறியது. தண்ணீர் கம்பெனிகள் தனியார் கைக்குப் போனபிறகு, நாங்க தனியார், சாக்கடை விவரம் எல்லாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை என்று சொன்னபோது, விடாமல் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2015ல் தீர்ப்பாயம் முடித்து வைத்தது: சுற்றுச்சூழல் விவரம் கேட்டால் அந்தக் கம்பெனிகள் கொடுத்தே ஆகணும். ஆற்றில் எவ்வளவு சாக்கடை விட்டார்கள் என்று இன்றைக்கு அங்கே ஒரு சாதாரண ஆள் கம்பெனியிடம் நேராகக் கேட்க முடிகிறதென்றால், அதில் தூண்டில்காரர்களின் சந்தாப் பணம் இருக்கிறது.

அவர்களைத் தியாகிகள் ஆக்க நான் வரவில்லை. அவர்கள் தூண்டிலில் கட்டிய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் கூட்டமாகச் செத்தன. 1987ல் அந்த ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தபிறகுதான் அன்னங்களின் எண்ணிக்கை ஏறியது. தவிர, அவர்கள் ஆற்றுக்காக நின்றது ஆற்றின் மேல் உள்ள கருணையால் மட்டும் இல்லை. அடுத்த வாரம் மீன் பிடிக்கணுமே! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். பொதுவாக எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்கிற தண்ணீருக்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. வாராவாரம் போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, காசு கொடுத்து, அதில் ஒரு பங்கு வைத்திருப்பவன் போகிறான்.

அதனால்தான் இப்போ நடப்பது கொஞ்சம் கவலை. 1995ல் பெரும்பாலான குளங்களுக்கு அந்த மூணு மாசத் தடையை எடுத்துவிட்டார்கள், 2000ல் கால்வாய்களுக்கும். ஆறுகளுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. கெண்டையை நெருக்கி விட்டு, கார் நிறுத்த இடமும் டீக்கடையும் வைத்த கட்டணக் குளங்கள் பெருகிவிட்டன. ஒருநாள் காசு கட்டினால் கட்டாயம் மீன் மாட்டும். ஆற்றங்கரைக்குப் போகிறவர் குறைகிறார், பழைய சங்கங்கள் பல மெலிந்துவிட்டன. கட்டணக் குளத்துக்குப் போகிறவன் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், கேஸ் போடமாட்டார்.

நம்ம ஊர் ஏரிகளில் மீன் செத்து மிதக்கிற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு டெர்பிக்காரர்கள் ஞாபகம் வருகிறது. உங்க ஊர்க் குளத்தில் 'இது என் பங்கு' என்று சொல்லி நிற்க இப்போ யார் இருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்க மக்களே.