வீட்டில் விசேஷம்: காத்திருக்கும் தந்தையும் தமிழ்த் திரையும்

திருமணமாகிச் சில மாதங்கள் கழிந்த ஆடவனிடம் உற்றாரும் ஊராரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "என்ன, வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா?" கேள்வி அவனை நோக்கியதுதான், ஆயினும் அதில் வரும் 'வீடு' அவனன்று, அவன் மனைவி. கருவுற்ற பெண்ணைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சூலி, சூல்மகள், பிள்ளைத்தாய்ச்சி, முழுகாமல் இருப்பவள், வாயும் வயிறுமாய் இருப்பவள் என அடுக்கிக்கொண்டே போகலாம். அவளது மசக்கைக்கு 'வயா' என்றும், ஈன்றணிமைக்குப் 'புனிறு' என்றும் பழஞ்சொற்கள் உள்ளன. அதே மாதங்களில் அவளருகே நிற்கும் கணவனைச் சுட்டத் தனிச்சொல் ஒன்று வழக்கில் இல்லை. பெயர் பெறாத இம்மனிதனைத் தமிழ்த் திரைப்படத்தின் காதல் நகைச்சுவை மெல்ல மெல்லக் கதாநாயகனாக்கியது. அது நெடுங்காலம் தாழ்ந்தே நிகழ்ந்தது.

இலக்கியம் தந்தையை மறந்துவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. குறுகுறு நடந்து உணவை மெய்பட விதிர்க்கும் சிறுவரில்லா வாழ்வு பயனற்றது என்றான் பாண்டியன் அறிவுடைநம்பி (புறம். 188). மகனைச் சான்றோனாக்கும் கடமையைத் தந்தையின்மேல் வைத்தார் பொன்முடியார் (புறம். 312). ஐங்குறுநூற்று முல்லையில், பேயனாரின் செவிலி கணவனும் மனைவியும் புதல்வனும் ஒருங்கிருக்கும் காட்சியைக் கண்டு மகிழ்கிறாள். எனினும் இம்மூன்று இடங்களிலும் குழந்தை பிறந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது. பிள்ளைத்தமிழின் காப்புப் பருவமும் மூன்றாம் திங்களில்தான் தொடங்குகிறது. பிறப்பிற்கு முந்தைய பத்துத் திங்களில் தந்தை என்ன செய்துகொண்டிருந்தான்? கவிஞர் அதிகம் பேசவில்லை.

இம்மௌனத்திற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை மாதத்தில் வளைகாப்பு. தலைப்பிரசவமெனில் அதன்பின் பெண் தாய்வீடு செல்வாள். குழந்தை பிறந்த செய்தி கணவனுக்கு ஆள் வழியாகவோ, கடிதத்திலோ, பிற்காலத்தில் தந்தியிலோ வந்து சேரும். காத்திருக்கும் காட்சியே இல்லாத இடத்தில் காத்திருப்பவனைப் பற்றிய கதை எங்ஙனம் தோன்றும்?

பழைய தமிழ்ப் படங்களில் இவ்வழக்கத்தின் நிழலைக் காணலாம். ஏ. பீம்சிங் இயக்கிய 'களத்தூர் கண்ணம்மா' (1960) காதலில் தொடங்கிக் கண்ணீருக்குச் செல்கிறது. ஜெமினி கணேசன் ஏற்ற நாயகன் தனக்கொரு மகன் பிறந்ததையே அறியான்; அநாதை இல்லத்தில் வளரும் அச்சிறுவனாகத்தான் கமல்ஹாசன் திரைக்கு அறிமுகமானார். விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) குடும்ப நகைச்சுவையில் தேர்ந்த படம். ஆனால் அங்கும் மூத்த மருமகளின் பிரசவம் கதைக்கு வெளியே, தாய்வீட்டில் நடந்து முடிகிறது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பதும், செவிலி வந்து "ஆண் குழந்தை" என்றதும் முகம் மலர்வதுமே தந்தைக்கு வாய்த்த நடிப்பாக நெடுங்காலம் இருந்தது. கதவுக்கு அப்பால் ஒருத்தி படும் வேதனை வெறும் ஓசையாக மட்டும் வந்துபோகும்.

ஏ.வி.எம். நிறுவனத்திற்காக கே. பாக்யராஜ் எழுதி இயக்கி நடித்த 'முந்தானை முடிச்சு' (1983) இவ்வகையில் ஒரு திருப்பம். முருங்கைக்காய் நகைச்சுவைக்காகவே அப்படத்தை நினைவுகூர்வோர் பலர். அது படத்திற்கு நேர்ந்த சிறு அநீதி எனலாம். கதையின் மையம் வேறு. மனைவியை இழந்து கைக்குழந்தையோடு ஒரு கிராமத்திற்கு வரும் பள்ளி ஆசிரியர். அவரை அடையப் பொய்ச்சத்தியம் செய்து, அதற்காகக் குழந்தையையே தாண்டத் துணியும் துடுக்குப்பெண் பரிமளம். திருமணம் நடந்த பின்னரும் அவர் விலகியே நிற்கிறார். அவளுக்கென ஒரு குழந்தை பிறந்துவிட்டால் தாயற்ற பிள்ளை புறக்கணிக்கப்படுமோ என்னும் அச்சமே காரணம். நாயகன் மீண்டும் தந்தையாக அஞ்சுவதே இங்கு நகைச்சுவைக்கும் காதலுக்கும் ஊற்று. அவருடைய அச்சத்திற்கு விலை கொடுப்பவளோ பரிமளம். ஊர்வசியின் நடிப்பு அவ்விலையை மறைக்காமல் காட்டியது. அரங்கில் சிரித்த பெண்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்பது ஆய்வுக்குரியது.

பதினோராண்டுகளுக்குப் பின் 'வீட்ல விசேஷங்க' (1994) என்று தம் படத்திற்குப் பெயரிட்டவரும் பாக்யராஜே. திண்ணையில் கேட்கப்பட்ட கேள்வி சுவரொட்டிக்கு வந்தது.

அதே காலத்தில் பிறநாட்டுத் திரையிலும் இப்பொருள் சூடுபிடித்தது. பிரான்சில் 1994இல் வெளிவந்த 'நெஃப் முவா' மறு ஆண்டே அமெரிக்காவில் 'நைன் மந்த்ஸ்' ஆயிற்று. ஹியூ கிராண்ட் ஏற்ற நாயகனுக்குத் தன் சுகவாழ்வு பறிபோகுமோ என்பதே கவலை. இச்சாயலில் மெல்போர்னில் நிகழும் கதையாக இந்தியில் 'சலாம் நமஸ்தே' (2005) வந்தது. தமிழ் நாயகனின் கவலை இத்தகையதன்று. அவன் அஞ்சுவது சுதந்திர இழப்பையன்று, ஊர்வாயை.

அந்த ஊர்வாயையே பொருளாகக் கொண்டது 'வீட்ல விசேஷம்' (2022). ஆர்.ஜே. பாலாஜியும் என்.ஜே. சரவணனும் இயக்கிய இப்படம், 'பதாய் ஹோ' (2018) என்னும் இந்திப் படத்தின் மறு ஆக்கம். மணவயது வந்த மகன் இருக்கும் வீட்டில் தாய் கருவுறுகிறாள். இந்தி மூலத்தில் இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு கவிதை! இதழில் வெளியான தம் கவிதையை மழையிரவில் மனைவிக்கு வாசித்துக் காட்டுகிறார் அந்த நடுவயது ரயில்வே ஊழியர். கவிதையால் பயனில்லை என்போர் இப்படத்தைக் காண்பது நலம். தமிழில் சத்யராஜ் தந்தையாகவும் ஊர்வசி தாயாகவும் நடித்தனர். மகனின் வெட்கத்தையும் உறவினரின் ஏளனத்தையும் தாங்கி நிற்கும் தந்தையைத் தமிழ்த் திரை இவ்வளவு பரிவோடு முன்னர்க் காட்டியதில்லை. ஆயினும் அவ்வயதில் சூல் தாங்கும் பெண்ணுடலின் இடர்களைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. சிரிப்பின் பங்கு ஆணுக்கு, சுமையின் பங்கு பெண்ணுக்கு என்னும் பழைய பாகப்பிரிவினை முற்றிலும் மாறிவிடவில்லை. 1983இல் குழந்தைக்கு ஏங்கிய பரிமளமே 2022இல் குழந்தைக்காக நாணி நின்றாள் என்று எண்ணிப் பார்க்கும்போது அந்நடிகையின் முகமே ஒரு வரலாற்று ஆவணமாகிறது.

விந்துக்கொடையைப் பொருளாக்கிய 'தாராள பிரபு' (2020), 'காதலிக்க நேரமில்லை' (2025) ஆகியவை தந்தைமையை உறவிலிருந்தே பிரித்துப் பார்த்தன. அவை தனிக் கட்டுரைக்கு உரியன.

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, காட்டாங்குளத்தூர் போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இம்மாற்றத்தின் காரணம் விளங்காமற் போகாது. கல்விக்கும் தொழிலுக்கும் சொந்த ஊர் விட்டு வந்து, நிலையத்தருகே வாடகை வீட்டில் குடியிருக்கும் இளந்தம்பதியருக்குத் தாய்வீடு ஓரிரவுப் பயணத் தொலைவு. மருத்துவச் சோதனைக்கு உடன் செல்பவன் கணவனே. நடுவண் அரசு 1997இல் தன் ஆண் ஊழியர்க்குப் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு அளித்தபோது, அக்காத்திருப்புக்குச் சட்டத்திலும் ஒரு பெயர் கிடைத்தது.

கணேஷ் கே. பாபு இயக்கிய 'டாடா' (2023) இச்சூழலில் பிறந்த படம். கவினும் அபர்ணா தாசும் ஏற்ற மணிகண்டனும் சிந்துவும் கல்லூரி இறுதியாண்டு மாணவர். அவள் கருவுறுகிறாள், கருவைக் கலைக்க மறுக்கிறாள், இரு வீட்டாரும் கைவிடுகின்றனர். வளைகாப்புமில்லை, தாய்வீடுமில்லை. அந்த வெறுமையைத் தனியொருவனாக நிரப்ப வேண்டிய இளைஞனோ குடிக்கிறான், சினக்கிறான், அவள் வலி கண்டு அழைக்கும் நேரத்தில் வந்து சேரத் தவறுகிறான். மருத்துவமனையை அடையும்போது அவள் அங்கில்லை. குழந்தை மட்டும் இருக்கிறது. தாழ்வாரத்தில் உலவிய பழைய நாயகனுக்குக் கிட்டிய மன்னிப்பை இப்படம் அவனுக்கு எளிதில் வழங்கவில்லை. பின்னர் அவன் அம்மகனை வளர்க்கும் பகுதியில்தான் நகைச்சுவையே மலர்கிறது. அக்குழந்தையை ஏற்க மறுக்கும் தாத்தாவாக, மணிகண்டனின் தந்தையாக வருபவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாயற்ற பிள்ளையோடு ஊருக்குள் நுழைந்த அதே பாக்யராஜ்.