சாலையோர வணிக மீட்பில் நகர உள்ளாட்சியின் பங்கு

பெருந்தொற்று, வெள்ளம், வேலையிழப்பு போன்ற நெருக்கடிகளில் கைமுதலை இழந்த வியாபாரிகள் மீண்டும் கடை விரிப்பதற்கு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவை செய்யும் உதவிகள் சாலையோர வணிக மீட்பு எனப்படும். கணக்கெடுப்பு, அடையாள அட்டை, கடனுக்கான பரிந்துரை, விற்பனைக்கு இடம், கட்டணத் தள்ளுபடி ஆகியவை இதில் அடங்கும். இந்தியாவில் இப்பணி பெரும்பாலும் 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டத்தையும், 2020-இல் தொடங்கிய ‘பிரதமரின் ஸ்வநிதி’ கடன் திட்டத்தையும் சார்ந்து நடக்கிறது. பணத்தை வங்கி தரலாம். கடை போடும் இடத்தையும் அதற்கான சான்றையும் நகர உள்ளாட்சியே தர முடியும். ஆகவே மீட்பின் வெற்றி தோல்வி பெரிதும் அதன் கையில்தான் இருக்கிறது.

தொழிலின் இயல்பு

சாலையோர வியாபாரிக்குத் தொழில் முதலும் வீட்டுச் செலவுக்கான பணமும் ஒன்றுதான். விடியுமுன் மொத்தச் சந்தையில் சரக்கு எடுத்து, அன்று விற்ற பணத்தில் மறுநாள் கொள்முதலுக்கு ஒரு பங்கை ஒதுக்கி, மிச்சத்தில் குடும்பம் நடக்கும். ஒரு வாரம் வீட்டில் முடங்கினால் அந்த ஒதுக்கீடு அரிசிக்கும் மருந்துக்கும் கரைந்துவிடும். பூட்டிய கடையை வைத்திருப்பவருக்குச் சரக்காவது மிஞ்சும். தள்ளுவண்டியில் கீரையும் பூவும் விற்பவருக்கு அதுவும் மிஞ்சாது.

இந்த நிலையில் கைகொடுப்பது தண்டல்தான். 10,000 ரூபாய் தண்டல் என்றால், முன்கூட்டியே 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைத் தருவதும், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பதும் வழக்கமான முறைகளுள் ஒன்று. இன்னும் அவசரமானால், காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் நாள் வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் விடியற்காலையில் கேட்டவுடன் பணம் தருவோர் வேறு எவரும் இல்லாததால் தண்டல் நிலைத்திருக்கிறது.

சட்ட அடிப்படை

நடைபாதையில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தொழில் உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2004-லும் 2009-லும் தேசியக் கொள்கைகள் வெளிவந்தன. நாடாளுமன்றம் இயற்றிய சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதன் முக்கிய விதிகள்:

- ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது.
- நகர் அல்லது வார்டு மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற வரம்புக்குள், கணக்கெடுப்பில் வந்த அனைவருக்கும் இடம் தர வேண்டும்.
- ஆணையர் தலைமையிலான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.
- இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தேவை.
- பறிமுதல் செய்த பொருள்களில் அழுகக்கூடியவற்றை, வியாபாரி உரிய கட்டணத்துடன் கோரினால் அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும்.

கடைசி விதி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கூடை தக்காளி இரண்டு நாள் அலுவலகக் கிடங்கில் கிடந்தால், திரும்பக் கிடைத்தும் பயனில்லை. வியாபாரியின் முதல் அத்துடன் போய்விடும்.

கடன் உதவி

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதனால் நலிந்த வியாபாரிகளுக்காக அவ்வாண்டு ஜூன் 1 அன்று ஸ்வநிதி திட்டம் தொடங்கப்பட்டது. மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ நகர்ப்புறத்தில் வணிகம் செய்தவர்கள் இதற்குத் தகுதி பெற்றனர். பிணையின்றி ஓராண்டுத் தவணையில் 10,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20,000 ரூபாயும், பின்னர் 50,000 ரூபாயும் தரும் ஏற்பாடு அடுத்தடுத்து வந்தது. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு. கைப்பேசி வழியே பணம் பெறுவோருக்கு மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் அளிக்கப்பட்டது.

கடனைத் தருவது வங்கி என்றாலும், விண்ணப்பத்தின் முதல் படி நகராட்சியில்தான் இருக்கிறது. விற்பனைச் சான்றோ அடையாள அட்டையோ உள்ளவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நகருக்குள் வந்து விற்பவர்களும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதத்தைப் பெற வேண்டும். பதிவேட்டை முன்பே சரியாக வைத்திருந்த ஊரில் கடன் விரைவாகக் கிடைக்க இதனால் வழி இருந்தது. அட்டையே வழங்காத ஊரில் வியாபாரி தான் வியாபாரி என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் இத்திட்டம் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் கடன் 15,000 ரூபாயாகவும், இரண்டாவது கடன் 25,000 ரூபாயாகவும் உயர்ந்தன. மூன்றாவது கடனில் மாற்றமில்லை. இரண்டாவது கடனை அடைத்தவர்களுக்கு ரூபே கடன் அட்டை வழங்கவும் வகை செய்யப்பட்டது.

இடம்: கோயம்பேடு காட்டும் பாடம்

நெருக்கடிக் காலத்தில் சந்தையை இடம் மாற்றினால் விநியோகச் சங்கிலியின் கடைசியில் இருப்பவர் வரை அதன் சுமை இறங்கும். சென்னையில் கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறிய மொத்தச் சந்தை, தொற்றுப் பரவலால் 2020 மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை அமைந்தது. செப்டம்பர் இறுதியில் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்பின.

நான்கைந்து பேர் சேர்ந்து ‘குட்டியானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி பிடித்துச் சரக்கு ஏற்றும் சில்லறை வியாபாரிக்கு, தொலைவு கூடினால் வாடகை கூடும், புறப்படும் நேரம் முந்தும், கீரையும் வாடும். நோய்த்தடுப்புக்கு இடமாற்றம் தேவையாகவே இருக்கலாம். அப்போது வண்டி வாடகைக்கு உதவுவதும், வார்டுதோறும் இறக்குமிடம் அமைப்பதும், நடமாடும் கடைகளுக்கு அனுமதி தருவதும் அந்தச் சுமையைக் குறைக்கும் வழிகள்.

கட்டணங்கள்

சாலையோரக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் நாள் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகள் ஏலத்தில் குத்தகைக்கு விடுவதுண்டு. குத்தகைதாரர் முழுத்தொகையைக் கட்டியிருப்பதால், வியாபாரம் படுத்த நாளிலும் வசூல் நிற்பதில்லை. எனவே நெருக்கடியில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விரும்பும் மாமன்றம் குத்தகைத் தொகையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நகராட்சிக் கடைகளின் வாடகைக்குத் தவணை தருதல், தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க அவகாசம் தருதல் ஆகியவையும் மாமன்றத்தின் முன் உள்ள வழிகள்.

பிற நகரங்கள்

நியூயார்க் நகரம் 2020 ஜூனில் உணவகங்கள் நடைபாதையிலும் சாலை ஓரத்திலும் மேசை போட எளிய அனுமதி அளித்தது. உணவு விநியோகச் செயலிகள் பெறும் கமிஷனுக்கும் உச்சவரம்பு விதித்தது. சான் பிரான்சிஸ்கோ 2021 நவம்பரிலிருந்து தகுதியுள்ள புதிய சிறு கடைகளுக்கு முதலாண்டு உரிமக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்தது. சாலை, உரிமம், விதி ஆகிய மூன்றும் நகர அரசின் கையில் இருப்பதால், பெரிய நிதி இல்லாமலும் இவற்றைச் செய்ய முடிந்தது.

குறைபாடுகளும் மதிப்பீடும்

சட்டத்தின் பாதுகாப்பு கணக்கெடுப்பைப் பொறுத்தது. கணக்கெடுப்பு தாமதமானாலோ விற்பனைக் குழு கூடாமல் போனாலோ அந்தப் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடும். இதில் அதிகம் விடுபடக்கூடியவர்கள் தலைச்சுமையாக விற்பவர்கள், மாலையில் மட்டும் கடை போடுபவர்கள், குழந்தையை வைத்துக்கொண்டு சில மணி நேரமே விற்கும் பெண்கள் ஆகியோர். பகலில் ஒருமுறை மட்டும் வந்து போகும் கணக்கெடுப்பில் இவர்கள் பெயர் ஏறாது.

மிகப் பெரிய முரண்பாடு துறைகளுக்கிடையில் தோன்றுகிறது. நகராட்சியின் ஒரு பிரிவு பரிந்துரைத்துக் கடன் வாங்கித் தந்த வியாபாரியை, மற்றொரு பிரிவு ஆக்கிரமிப்பு என்று அகற்றினால், அவருக்கு மிஞ்சுவது தவணை மட்டுமே. அதைக் கட்ட அவர் மீண்டும் தண்டல்காரரிடம் போவார். இத்தகைய உதவி ஏழையை முன்பைவிட ஏழையாக்கும் என்பதால் இதை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. கடன் பெற்றவர் அதை அடைக்கும் வரை அவருடைய இடத்துக்கு உறுதி தருவதும், மாற்றியே ஆக வேண்டுமானால் வாங்குவோர் நடமாட்டம் உள்ள மாற்றிடத்தை முதலில் தயார் செய்வதும் மீட்புத் திட்டத்தின் குறைந்தபட்சக் கடமைகள். கழிப்பறை, குடிநீர், தெருவிளக்கு, இரவில் வண்டியை நிறுத்த இடம் ஆகியவையும் இவற்றுடன் சேர வேண்டும். எத்தனை பேருக்குக் கடன் போனது என்பதோடு, ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் அதே தெருவில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் ஒவ்வொரு மாமன்றமும் எண்ணிப் பார்த்தால்தான் மீட்பு நடந்ததா என்பது தெரியும்.