நாம் பார்க்காதபோதும் பிறை இருக்கிறது: குவாண்டத்தின் பெயரால் பரவும் ஒரு கதையின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"மனிதன் பார்த்தால்தான் பொருள் உருவாகிறது. இதைக் குவாண்டம் பௌதிகம் நிரூபித்துவிட்டது" என்று சொல்லும் வீடியோக்கள் எமது வட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. இதை வைத்து, ஆழமாக நினைத்தாலே செல்வம் தேடி வரும் என்கிறார்கள் சிலர். நோய் தீர்க்கும் 'குவாண்டம்' பதக்கம் விற்கிறார்கள் வேறு சிலர். நல்ல எண்ணம் கொண்டவர்களோ, இது எமது ஈமானுக்கு விஞ்ஞானம் தந்த அத்தாட்சி என்று பகிர்கிறார்கள். இந்தக் கதை எங்கே தொடங்கியது, விஞ்ஞானிகள் உண்மையில் எதைக் கண்டார்கள் என்பதை நாம் ஒருமுறை வரிசையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

1900 இல் ஜேர்மனியின் மெக்ஸ் பிளாங்க், சூடான பொருள்கள் சக்தியைத் தொடர்ச்சியாக அல்லாமல் சிறு சிறு பொட்டலங்களாகவே வெளிவிடுகின்றன என்று கொண்டால்தான் கணக்குச் சரிவருகிறது எனக் கண்டார். 1905 இல் ஐன்ஸ்டைன் ஒளியே அப்படித்தான் வருகிறது என்றார். 1920களில் இன்னொரு அதிசயமும் தெரியவந்தது. துணிக்கை என்று நாம் படித்த இலத்திரன், அலையைப் போலவும் நடந்துகொள்கிறது. இரண்டு சிறு பிளவுகளை நோக்கி இலத்திரன்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், திரையில் அலைகளுக்குரிய கோடுகளே படிப்படியாகத் தோன்றும். ஆனால் எந்தப் பிளவால் போனது என்று கண்டறிய ஒரு கருவியை வைத்தால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும்.

எல்லாக் குழப்பமும் இந்த இடத்தில்தான் தொடங்கியது. 'அவதானித்தல்' என்ற சொல்லை பௌதிகவியலாளர் ஒரு கருத்தில் சொன்னார்கள். கேட்டவர்கள் அதை 'கண்ணால் பார்ப்பது' என்று எடுத்துக்கொண்டார்கள்.

1930 ஜூலை 14 இல், பேர்லினுக்கு அருகே கபுத் என்ற ஊரில் இருந்த ஐன்ஸ்டைனின் வீட்டுக்கு ரவீந்திரநாத் தாகூர் வந்தார். இருவருமே எமது நாட்டு மண்ணை மிதித்தவர்கள். ஐன்ஸ்டைன் 1922 இல் ஜப்பான் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார். தாகூர் 1934 இல் ஹொரணையில் ஸ்ரீ பாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அன்று கபுத்தில் அவர்கள் பேசியது, மனிதன் இல்லாவிட்டால் உண்மை என்று ஒன்று இருக்குமா என்பதைப் பற்றி. மனித மனத்தோடு தொடர்பில்லாத உண்மை மனிதனுக்கு இல்லை என்பது தாகூரின் நிலை. வீட்டில் எவரும் இல்லாவிட்டாலும் மேசை அங்கேதான் இருக்கும் என்பது ஐன்ஸ்டைனின் நிலை. ஆனால் அதைத் தன்னால் நிரூபிக்க முடியாது, அது தனது நம்பிக்கை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பின்னர் 1950 அளவில் பிரின்ஸ்டனில் நடந்துபோகும் வழியில், நான் பார்க்கும்போது மட்டும்தான் நிலா இருக்கிறது என்று நீ நம்புகிறாயா என ஏப்ரஹாம் பைஸ் என்ற இளைய பௌதிகவியலாளரிடம் கேட்டார் ஐன்ஸ்டைன்.

இந்தக் கேள்வி எமக்கு நன்றாகவே விளங்கும். 29 ஆம் நாள் மாலை மேகம் மூடியிருந்தால், மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்கிறோம். 'பிறை தென்படவில்லை' என்றுதான் அறிவிக்கிறார்கள். 'பிறை இல்லை' என்று எவரும் அறிவிப்பதில்லை. எமது பார்வை தீர்மானிப்பது எமது கடமையை. நிலாவின் இருப்பை அல்ல. (உள்நாட்டுப் பிறையா சர்வதேசப் பிறையா என்ற விவாதத்தை தயவுசெய்து இங்கே தொடங்க வேண்டாம்!)

அப்படியானால் மனித உணர்வு எப்படி பௌதிகத்துக்குள் நுழைந்தது? 1932 இல் ஜோன் வொன் நியூமன் என்ற கணித மேதை குவாண்டம் பொறிமுறைக்கு ஒரு முக்கியமான நூல் எழுதினார். இலத்திரனைக் கருவி அளக்கிறது, கருவியைக் கண் பார்க்கிறது, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. இந்தச் சங்கிலியில் அளவீடு எந்த இடத்தில் முடிகிறது என்று சமன்பாடு சொல்லவில்லை என்பதை அவர் காட்டினார். கோட்டை எங்கே கிழித்தாலும் விடை ஒன்றுதான். 1961 இல் யூஜின் விக்னர் ஒரு படி மேலே போய், உணர்வுள்ள ஒருவரிடம் வந்து சேரும்போதுதான் அளவீடு முடிவடைகிறது என்று எழுதினார். 1963 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது, வேறு ஆய்வுகளுக்காக. இன்றைய வீடியோக்கள் 'நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியே சொன்னார்' என்பது பெரும்பாலும் இவரைத்தான்.

வீடியோக்கள் சொல்லாத பகுதி இதற்குப் பின்னர் வருகிறது. 1970 இல் ஜேர்மனியின் டீட்டர் ட்சே என்பவர், எந்தப் பொருளும் தனியாக இல்லை, காற்று, ஒளி, தூசி எல்லாம் ஓயாமல் அதன்மீது மோதிக்கொண்டே இருக்கின்றன, அந்த மோதலே அலைத்தன்மையை மறைத்துவிடுகிறது என்று விளக்கினார். அதைப் படித்த விக்னர், பிற்காலத்தில் தனது பழைய கருத்தைக் கைவிட்டார்.

2004 இல் வியன்னாவில் அன்டன் சைலிங்கரின் குழு இதைச் சோதித்துக் காட்டியது. 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை அனுப்பியபோது அலைக்கோடுகள் தெரிந்தன. அவற்றை மிகவும் சூடாக்கியபோது அவை ஒளியை உமிழ்ந்தன, கோடுகள் மறைந்தன. அந்த ஒளியை எவரும் பார்க்கவில்லை. மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தகவல் வெளியே கசிந்ததே போதுமாக இருந்தது.

ஆனால் நாம் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐன்ஸ்டைன் விரும்பியபடியும் உலகம் இல்லை. 1964 இல் ஜோன் பெல் ஒரு சோதனைக்கு வழி காட்டினார். இரண்டு மாணவர்கள் முன்கூட்டியே விடைகளைப் பேசிவைத்துக்கொண்டு இரண்டு பரீட்சை மண்டபங்களுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மேற்பார்வையாளர்கள் எழுமாறாகக் கேள்வி கேட்டால், அவர்களுடைய விடைகள் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டு. சோடியாகப் பிறந்த ஒளித்துணிக்கைகள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. 1972 இல் கிளவுசரும் பிரீட்மனும், 1982 இல் அலைன் அஸ்பேயும், பின்னர் சைலிங்கரும் இதைக் காட்டினார்கள். கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும், தூரத்துப் பொருளால் உடனடியாகப் பாதிக்கப்படாத துணிக்கைகளாக உலகைக் கற்பனை செய்ய முடியாது என்பதே இதன் பொருள். மனித மனம் உலகைப் படைக்கிறது என்பது அல்ல. அந்தச் சோதனைகளில் எண்ணிக் கணக்கெடுத்தவை இயந்திரங்களே. ஒரு அளவீட்டின்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் பௌதிகவியலாளர்கள் இன்றும் ஒருமித்த கருத்தில் இல்லை.

இந்த இடைவெளிக்குள்தான் வியாபாரம் புகுந்தது. 1989 இல் தீபக் சோப்ரா குவாண்டம் சிகிச்சை பற்றி நூல் எழுதினார். அதன் பிறகு அந்தச் சொல் தண்ணீர்ப் போத்தலிலும் கைப்பட்டியிலும் ஒட்டிக்கொண்டது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை, 'குவாண்டம் பதக்கம்' உட்பட பத்துப் பொருட்களில் கதிர்த்தொழிற்பாடு இருப்பதாகவும், நீண்ட காலம் தொடர்ந்து அணிந்தால் தீங்கு விளையலாம் என்றும் எச்சரித்தது. காப்பதாகச் சொல்லி விற்ற பொருளே கதிர்களை வெளிவிட்டிருக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கும் எமது உம்மாவோ வாப்பாவோ, பதக்கத்தை நம்பி மாத்திரையை விட்டால் யார் பொறுப்பு?

மார்க்க ரீதியாகவும் ஒரு வார்த்தை. நெருப்பு பஞ்சை எரிப்பது நெருப்பின் சொந்த ஆற்றலால் அல்ல, அல்லாஹ்வின் செயலால் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா என்ற நூலில் வாதிட்டார்கள். இதைக் குவாண்டம் நிரூபித்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். இமாமவர்களின் வாதம் தன் காலிலேயே நிற்கக்கூடியது. அதை ஒரு பௌதிகவியலாளரின் விளக்கத்தோடு கட்டினால், அந்த விளக்கம் மாறும் நாளில் என்ன செய்வது? விக்னர் மாறினார். அவரை நம்பி ஈமானைக் கட்டிய ஒரு பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கும் நாளில் எதைச் சந்தேகிக்கும்? வீடியோவையா, மார்க்கத்தையா? இதுதான் எமது பெரிய கவலை.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்ற பழைய கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று பரிசோதனைகளோடு விளக்கினார். உண்மையைத் தேடுபவர் முன்னோரின் நூல்களையும் தன்னையும் ஒருசேரச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் அவருடைய போதனை.

ஆகவே உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பரிசோதனை, எந்த ஆண்டு? அளந்தது கருவியா, மனிதனா? கடைசியில் எதையாவது விற்கிறார்களா? பெற்றோரே, பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். செய்தி வந்தால் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்பது எமது மார்க்கம் எமக்கிட்ட கட்டளை. 'பகிர்' பொத்தானுக்கும் அது பொருந்தும்.

அல்லாஹ் எமக்குப் பயனுள்ள அறிவைத் தருவானாக. வஸ்ஸலாம்.