சீனக் கடலின் காவல் கப்பல் - சென்னைக்கு வந்த எம்டன்

"அவன் சரியான எம்டன்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கெட்டிக்காரன், பிடி கொடுக்காதவன், பயப்பட வேண்டிய ஆள் என்ற மூன்று அர்த்தமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 2006ல் வெளிவந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்' தான். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்பதும், அது 1914ல் சென்னை மீது குண்டு வீசியது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கப்பல் அதற்கு முன் எங்கே இருந்தது, என்ன வேலை பார்த்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. எம்டன் சென்னைக்கு வந்தது ஜெர்மனியிலிருந்து அல்ல, சீனாவிலிருந்து. அங்கே அது ஒரு காவல் கப்பல்.

கடலைக் காக்கும் கப்பலுக்கும் கடலில் பறிக்கும் கப்பலுக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இந்த ஒரு கப்பலின் கதையே காட்டிவிடுகிறது. அந்தக் கோட்டுக்கும், கடலே இல்லாத ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பகுதிக்கும் சம்பந்தம் உண்டு.

சீனக் கடலில் ஏன் அத்தனை போர்க்கப்பல்கள்?

சீனாவின் தென்கடற்கரை தீவுகளும் கழிமுகங்களும் நிறைந்தது. ஒளிந்துகொள்ள வசதியான இடம். அதனால் அங்கே கடல் கொள்ளை பல நூற்றாண்டுகளாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் யீ சாவ் என்ற பெண் நூற்றுக்கணக்கான 'ஜங்க்' பாய்மரக் கப்பல்களுக்குத் தலைவியாக இருந்தார். சீன அரசால் அவரை வெல்ல முடியவில்லை. கடைசியில் 1810ல் பொதுமன்னிப்பு கொடுத்துத்தான் சரணடைய வைத்தார்கள்.

அடுத்து வந்தது முதல் அபினிப் போர் (1839-42). இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்கும் வியாபாரத்துக்காகப் பிரிட்டன் நடத்திய போர் இது. சென்னை மாகாணத்தின் 37ஆம் காலாட்படையும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் இதற்காகக் கப்பலேறிச் சீனா போயின. போரின் முடிவில் ஹாங்காங் பிரிட்டனுக்குக் கிடைத்தது. வியாபாரம் பெருகியது. கொள்ளையும் கூடவே பெருகியது.

அதை அடக்கப் பிரிட்டிஷ் கடற்படை ரோந்து ஆரம்பித்தது. 1849 அக்டோபரில் ஷாப் இங் சாய் என்ற கொள்ளைத் தலைவனின் கூட்டத்தை இன்றைய வியட்நாமின் வடக்குக் கரையில் மடக்கி 58 ஜங்குகளை அழித்தார்கள். அந்தத் தாக்குதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஃப்ளெகெதான்' என்ற நீராவிக் கப்பலும் இருந்தது. தலைவன் மட்டும் தப்பிவிட்டான். பிறகு சீன அரசின் மன்னிப்பையும் ஒரு பதவியையும் பெற்றுக்கொண்டான்!

இந்த ரோந்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. 1825ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டப்படி, கொல்லப்பட்ட அல்லது பிடிபட்ட ஒவ்வொரு கொள்ளைக்காரனுக்கும் 20 பவுண்டு கடற்படையினருக்குப் பரிசு. தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைக்கும்போது, பீரங்கிக்கு எதிரே நிற்பவன் உண்மையிலேயே கொள்ளைக்காரன்தானா என்று யார் பொறுமையாக விசாரிப்பார்கள்? போர்னியோ பக்கத்தில் இப்படிக் கொன்றவர்களைப் பற்றி லண்டன் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. 1850ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

1858ல் கையெழுத்தான தியென்ட்சின் ஒப்பந்தத்தில் இன்னொரு வசதி கிடைத்தது. கொள்ளையரைத் துரத்தி வரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் சீனாவின் எந்தத் துறைமுகத்துக்குள்ளும் நுழையலாம் என்று அதில் எழுதப்பட்டது. கொள்ளையரைப் பிடிக்கிறோம் என்ற காரணம், அடுத்தவர் நாட்டுக்குள் நுழைய ஒரு நிரந்தர அனுமதிச் சீட்டாகிவிட்டது.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொள்ளையர் மட்டுமே அந்தக் கடலின் ஆபத்து அல்ல. பாறை, மூடுபனி, புயல் எல்லாம் கப்பல்களை விழுங்கின. ராபர்ட் ஹார்ட் தலைமையில் இயங்கிய சீனச் சுங்கத்துறை 1868 முதல் கடற்கரை நெடுகக் கலங்கரை விளக்கங்களைக் கட்டியது. அந்த வெளிச்சம் எந்த நாட்டுக் கொடி என்று பார்க்காமல் எல்லாக் கப்பலுக்கும் வழி காட்டியது.

கிழக்கின் அன்னம்

ஜெர்மனி இந்தப் பந்திக்குத் தாமதமாக வந்தது. 1897ல் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் சீனாவில் கொல்லப்பட்டதைக் காரணமாகக் காட்டி ஜியாவ்சோ வளைகுடாவைப் பிடித்தது. மறு வருடம் அதை 99 வருடக் குத்தகையாக எழுதி வாங்கியது. அங்கே உருவான சிங்டாவ் நகரம்தான் ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படையின் தலைமையிடம்.

1908ல் டான்சிக் நகரில் கட்டி மிதக்கவிடப்பட்ட எம்டன், 1910ல் சிங்டாவ் வந்து சேர்ந்தது. 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, வெள்ளை வண்ணம், ஒல்லியான உடல். 'கிழக்கின் அன்னம்' என்று அதைச் செல்லமாக அழைத்தார்கள். துணி துவைக்கச் சீனத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். 1913ல் கார்ல் ஃபான் முல்லர் அதன் கேப்டன் ஆனார். அதே வருடம் சீனாவில் கிளர்ச்சி மூண்டபோது யாங்சி ஆற்றில் ரோந்து போனது எம்டன். கிளர்ச்சியாளர்கள் கரையிலிருந்த கோட்டையிலிருந்து சுட்டார்கள். எம்டன் திருப்பிச் சுட்டு அவர்களை அடக்கியது. ஐரோப்பிய வியாபாரிகளின் பார்வையில் அது அவர்களுடைய காவல்காரன். பிரிட்டிஷ் மாலுமிகளும் ஜெர்மன் மாலுமிகளும் அப்போது ஒரே ஆற்றில் ஒரே வேலையைப் பார்த்தவர்கள்.

ஒரே வருடத்தில் எல்லாம் தலைகீழானது.

காவல்காரன் மாறிய நாள்

1914 ஜூலை 31 அன்று எம்டன் சிங்டாவை விட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஜெர்மன் கப்பற்படையின் மற்றக் கப்பல்கள் பசிபிக் வழியாகத் தென் அமெரிக்கா நோக்கிப் போக, எம்டன் மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது. துணைக்கு ஒரு நிலக்கரிக் கப்பல். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை வைத்துக்கொண்டு தூரத்தில் பார்ப்பவருக்குப் பிரிட்டிஷ் கப்பல் போலத் தோற்றம் காட்டியது.

செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமாட் என்று சில நாட்களுக்குள் வரிசையாகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. டிப்ளமாட்டில் இருந்தது தேயிலை. முல்லர் ஒவ்வொரு முறையும் மாலுமிகளை முதலில் இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார். கபிங்கா என்ற கப்பலில் அவர்களை ஏற்றி அனுப்பியும் வைத்தார். இதனால் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

சட்டப்படி இது கொள்ளை அல்ல. 1856ஆம் வருடத்துப் பாரிஸ் பிரகடனம் தனியார் கப்பல்களுக்குக் கொள்ளை உரிமம் கொடுக்கும் வழக்கத்தைத்தான் ஒழித்தது. அரசாங்கத்தின் போர்க்கப்பல் எதிரியின் வணிகக் கப்பலைப் பிடிப்பது போர் விதிகளுக்கு உட்பட்டதே. ஷாப் இங் சாய் செய்தால் தூக்கு, முல்லர் செய்தால் பதக்கம். சரக்கை இழந்த வியாபாரிக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான்.

செப்டம்பர் 22 இரவு

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. போர்க்காலம் என்ற நினைப்பே இல்லாமல் நகர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போது உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் சுழன்றுகொண்டிருந்தது. கப்பல்களுக்கு ஆபத்து வராமல் காக்க ஏற்றி வைத்த விளக்கே அன்று எதிரிக்கு வழி காட்டியது.

எம்டன் தன் தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தது. சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற கப்பலும் அடி வாங்கியது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகள் போடுவதற்குள் எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மறைந்தது. உயர்நீதிமன்ற மதில் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் பிறகு ஒரு நினைவுக் கல்வெட்டு பதிக்கப்பட்டது.

இந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும் அதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார்.

சேதம் பெரிதல்ல. பயம்தான் பெரிது. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுடன் ரயிலேறி ஊரை விட்டுப் போனார்கள். கடலில் எம்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் கப்பல்கள் துறைமுகங்களிலேயே முடங்கின. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. ஒரே கப்பல் ஒரு கடல் முழுவதையும் பூட்டிவிட முடியும் என்று அன்று தெரிந்தது.

பாலாற்றங்கரைக்கு என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல், ரயிலில் சென்னைக்குப் போய், பெரியமேட்டு வியாபாரிகள் கைமாறி, கப்பலில் லண்டன் ஏலத்துக்குப் போனது. இன்னொரு வேடிக்கை, போருக்கு முன் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான பச்சைத் தோல் வியாபாரத்தில் ஜெர்மன் கம்பெனிகளின் கைதான் ஓங்கியிருந்தது. பதப்படுத்திய தோலை வாங்கியது பிரிட்டன், பச்சைத் தோலை வாங்கியது ஜெர்மனி. இரண்டு வாடிக்கையாளர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோது நடுவில் மாட்டிக்கொண்டது இந்தத் தொழில்.

தோல் என்பது காத்திருக்காத சரக்கு. கடன் வாங்கித் தோலை எடுத்தவன், அது பதமாகிக் கப்பலேறிக் காசாகும் வரை வட்டி கட்ட வேண்டும். கப்பல் ஒரு வாரம் தாமதமானால் வட்டி ஒரு வாரம் ஏறும். எம்டன் என்ற பெயரையே கேட்டிராத தொழிலாளியின் கூலி வரை அது வந்து நிற்கும். போர் நீண்டபோது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பூட்ஸ் தைக்க இந்தத் தோல் தேவைப்பட்டது. 1916ல் அரசாங்கமே பதப்படுத்திய மாட்டுத் தோலை ராணுவத்துக்காக மொத்தமாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. கடல் வழியைத் திறந்து வைக்கப் பிரிட்டன் ஏன் அவ்வளவு பாடுபட்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு

எம்டன் அதன் பிறகு இலங்கையைச் சுற்றி வந்தது. அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியே வரும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதைப் பிடித்துக்கொண்டது. அடி தாங்காமல் முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 7 அன்று, சிங்டாவ் ஜப்பானியரிடமும் பிரிட்டிஷாரிடமும் வீழ்ந்திருந்தது. அன்னத்துக்குத் திரும்பிப் போக வீடே இல்லாமல் போயிருந்தது.

சீனக் கடலில் கொள்ளை அதோடு ஓயவில்லை. 1920களில் பயணிகள் போலவே டிக்கெட் வாங்கி ஏறி, நடுக்கடலில் கப்பலைப் பிடித்து, ஹாங்காங்குக்கு அருகே உள்ள பையஸ் விரிகுடாவுக்கு ஓட்டிப் போனார்கள். 1927 அக்டோபரில் 'ஐரீன்' என்ற சீனக் கப்பலை அப்படிப் பிடித்தபோது, தடுக்க வந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் சுட்டதில் ஐரீனே தீப்பிடித்து மூழ்கியது. காப்பாற்ற வந்த குண்டுதான் கப்பலைக் கவிழ்த்தது.

நூறு வருடம் கழித்தும் கதை மாறவில்லை. சோமாலியக் கொள்ளையரால் 2008 அக்டோபர் முதல் இந்தியக் கடற்படை ஏடன் வளைகுடாவில் ரோந்தை ஆரம்பித்தது. 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா 'ரூயன்' என்ற கப்பலை மீட்டு 35 கொள்ளையரைப் பிடித்தது. 2023 நவம்பர் முதல் ஹவுதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது, ஐரோப்பா போகும் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அந்தக் கன்டெய்னர்களில் ஆம்பூர் ஷூக்களும் இருந்தன.

கடலில் காவல் அவசியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காவல்காரன் யாருக்காகக் காவல் இருக்கிறான், அவனுக்கு உத்தரவு போடுவது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். யாங்சி ஆற்றில் வியாபாரிகளைக் காத்த பீரங்கிகளும் சென்னையின் எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்திய பீரங்கிகளும் அதே பத்துப் பீரங்கிகள்தான். இடையில் மாறியது மேலிடத்து உத்தரவு மட்டுமே.